பேய் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்?

கரிசக்காட்டான்:
திருமங்கலம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. யூடியூப் குழு ஒன்று கே2 மீட்டரோடு (பேய் தேடுவோர் கையில் வைத்திருக்கும் சின்ன விளக்குக் கருவி) வந்து, பின்கட்டுச் சுவரில் சிவப்பு வரை எரிகிறது, அமானுஷ்ய சக்தி இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டது. ராத்திரி கூரையில் நடமாட்டம் வேறு. குடிவர ஆள் பயப்படுகிறார்கள். எப்படிச் சோதிப்பது?

மேலூர் வயர்மேன்:
அந்த மீட்டர் காட்டுவது காந்தப்புலத்தை. ஐந்து விளக்கில் கடைசிச் சிவப்பு எரிந்தால் புலம் 20 மில்லிகாஸுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல். பக்கத்தில் செல்போன் இருந்தாலே துள்ளும், அதனால் போன்களை வெளியே வைத்துவிடுங்கள். ஃபேன், மோட்டாரை ஓடவிட்டு ஒரு தடவை பாருங்கள். கரண்ட் ஓடினால்தான் புலம் வரும். அடுத்து மெயினை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கணும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விளக்கு அடங்கினால் கோளாறு உங்கள் வயரிங்கில். பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் போனால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். பழைய வீட்டில் நியூட்ரலை வேறு லைனிலிருந்து இழுத்திருப்பார்கள், இல்லையென்றால் அது எங்கேயோ எர்த்தைத் தொட்டிருக்கும், அப்போது புலம் அடிபடாமல் மிஞ்சும். ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்த லைன் என்று பிடிபடும். பிறகு பல்பு, ஃபேனைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் வயரை மாற்றியே ஆகணும். பேயாவது பரவாயில்லை, லீக்கேஜ் ஆளைக் கொல்லும்.

மெயின் அணைத்தும் எரிகிறதா? சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மீட்டர் பெட்டி இருக்கும். காந்தப்புலத்துக்குச் செங்கல் தடையே இல்லை.

கூடல்வாசி:
கூரை நடமாட்டத்துக்கு முதலில் மரநாயைச் சந்தேகப்படுங்கள். பரணில் சலித்த சாம்பலைத் தூவி வையுங்கள். தடத்தில் ஐந்து விரல் என்றால் மரநாய், நாலு என்றால் பூனை. மரநாய் எச்சத்தில் பழக்கொட்டை நிறையக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வரும் 'டக் டக்', பகல் வெயிலில் காய்ந்த தகரமும் உத்தரமும் சுருங்குகிற சத்தம்.

'இங்கே குளிருது' என்று தெர்மாமீட்டர் துப்பாக்கியைக் காட்டினார்களா? அது காற்றை அளக்காது, பரப்பின் சூட்டைத்தான் அளக்கும். ஓதம் ஏறிய சுவர் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்துதான் இருக்கும். போட்டோவில் வெள்ளை உருண்டை என்றால் லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்த தூசி. ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள், காணாமல் போகும்.

கரிசக்காட்டான்:
இவ்வளவும் பார்த்துக் காரணம் சிக்கவில்லை என்றால்?

கூடல்வாசி:
சிக்கவில்லை என்பதோடு நிறுத்தணும் தம்பி. அதிலிருந்து ஆவிக்குத் தாவ ஆதாரம் தனியாக வேண்டும். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று 1963இல் பந்தயம் கட்டினார், ஏமாற்று இல்லாத சூழலில் செய்து காட்டி ஜெயித்தவர் யாருமில்லை. உங்கள் யூடியூப் குழுவிடம் ஒன்று கேளுங்கள்: மெயினை அணைத்தபின் அதே சுவரில் எடுத்த வீடியோ இருக்கிறதா?