ஜீப் ஷாஃப்ட்டுக்குப் புது கிராஸ் போட்டேன், கடைசி சர்க்கிளிப் உட்காரவே மாட்டேங்குது – உதவி வேணும்

போடிமெட்டு ஜீப்:
வணக்கம் அண்ணன்மாரே. 94 மாடல் டீசல் ஜீப், ஃபோர் வீல். ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏத்துற வண்டி. ரெண்டு மாசமா ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாத்தினா அடியில "டொக்"குனு ஒரு அடி. அப்புறம் மெதுவா போறப்ப எலிக்குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சு, வேகம் கூடக் கூட கீச்சும் வேகமாச்சு. பின் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டு போற பின் ஷாஃப்டைக் கையால திருகிப் பார்த்தா, பின் அச்சு ஹவுசிங் பக்கத்து கிராஸ்ல (ஷாஃப்ட் முனையில சாய்வுக்கு வளைஞ்சு குடுக்கிற நாலு கால் இணைப்பு) ஆட்டம் நல்லாவே தெரியுது.

பட்டறைக்குக் கீழே இறங்கினா ஒரு நாள் போயிடும்னு வீட்டு முற்றத்துலயே கழட்டிட்டேன். பழைய கிராஸ் காலெல்லாம் ஊசி பதிஞ்சு வரி வரியா கிடந்துச்சு, நகத்தை வச்சா தட்டுது. புதுசுல, கால் நுனியில மாட்டுற ஊசி பேரிங் கப் நாலுல மூணு வைஸ்ல அழகா ஏறிடுச்சு. நாலாவது மட்டும் ஒரு 2 மி.மீ. வெளியவே நிக்குது. கப் வெளிய வராம பிடிக்கிற சர்க்கிளிப் போடுற காடியே கண்ணுல படலை. அடிக்கலாமா? பக்கத்து வீட்டு அண்ணன் "கிளிப்பை கிரைண்டர்ல தேய்ச்சு மெலிசாக்கிப் போடு"ங்கிறார்.

லாரி மாமா:
சம்மட்டி எடுத்து ரெண்டு போடு தம்பி, தானா போகும். நாங்க அப்படித்தான் போட்டோம்.

பட்டறைக்காரன்:
மாமா, கோவிச்சுக்காதீங்க, அது வேணாம். தம்பி, சுத்தியலைக் கீழ வை. கிரைண்டரையும்.

2 மி.மீ.னு நீயே சொல்லிட்ட. கப்புக்குள்ள இருக்கிற ஊசியோட பருமனும் ஏறக்குறைய அதுதான். நிக்க வேண்டிய ஊசி ஒண்ணு சரிஞ்சு கப் அடியில படுத்துக் கிடக்கு. கிராஸ் கால் அதுமேல முட்டி நிக்குது, கப் எப்படி உள்ள போகும்? அடிச்சா ஊசி உடையும், இல்லன்னா கப் அடி பிளக்கும். மோசமா அடிச்சா, கப் உட்கார்ற துளை இருக்கிற யோக் காதே விரியும். காது விரிஞ்சா ஷாஃப்ட்டே போச்சு.

கிளிப்ல வேற வேற கனம் உண்டுதான். அது மயிரிழை அளவு ஆட்டத்தைச் சரி பண்றதுக்கு. 2 மி.மீ.க்கு அது பதில் இல்ல.

ரெண்டு கப்பையும் வெளிய எடு. கப்பை விடச் சின்ன சாக்கெட் ஒரு பக்கம், கப் உள்ளே விழுற அளவு பெரிய சாக்கெட் மறுபக்கம், நடுவுல யோக், வைஸை மெல்ல இறுக்கு. வெளிய வந்ததும் ஊசியை எண்ணு. திரும்பப் போடும்போது கப் உள்சுவர்ல கெட்டியா கிரீஸ் தடவி ஊசியெல்லாம் ஒட்டி நிக்க வை. கிராஸ் காலை முதல்லயே பாதி தூரம் கப்புக்குள்ள நுழைச்சுப் பிடிச்சுக்கிட்டே அழுத்து. கால் உள்ள இருந்தா ஊசிக்குச் சரிய இடமே இருக்காது. துளையையும் காடியையும் கம்பி பிரஷ் போட்டியா?

இன்னொண்ணு, வண்டிக்கு என்ன முட்டு வச்சிருக்க? சில பழைய ஜீப்ல ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் சக்கரத்துக்குப் பிரிக்கிற பெட்டி) பின்னாடியே இருக்கும். பின் ஷாஃப்ட் இறங்கிட்டா அந்த பிரேக்குக்குச் சக்கரத்தோட ஒட்டு உறவே இல்ல. கியர்ல போட்டு வச்சாலும் பின் சக்கரம் நிக்காது. உங்க ஊர்ல சமதரை ஏது!

போடிமெட்டு ஜீப்:
அண்ணே, நாலு சக்கரத்துக்கும் மரக்கட்டை ஆப்பு வச்சிருக்கேன். நீங்க சொன்னது அப்படியே! எதிர் கப்பை விட இதுல சுவர்ல நின்ன ஊசி ஒண்ணு கம்மி. அது அடியில குறுக்கா படுத்து லேசா வளைஞ்சே போச்சு. அதை நிமித்திப் போடலாமா?

பட்டறைக்காரன்:
கூடாது. வேற கிராஸ் செட் வாங்கு.

போடிமெட்டு ஜீப்:
வாங்கிட்டேன். இந்தத் தடவை கிளிப் "டிக்"குனு உட்கார்ந்துச்சு. ஆனா கிராஸ் இறுக்கமா இருக்கு, ஒரு பக்கம் விரலால அசைக்க முடியலை.

பட்டறைக்காரன்:
யோக் காதுல பித்தளைச் சுத்தியலால லேசா ஒரு தட்டு. கப் நகர்ந்து கிளிப்ல போய் ஒட்டும், கிராஸ் விட்டுக் கொடுக்கும். ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. அப்புறம் நிப்பிள் வழியா கிரீஸ் அடி, நாலு கப் ஓரத்துலயும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா ஜாயின்ட்டை அசைச்சு அசைச்சு அடி. வாங்கின கிராஸ்ல ஏற்கெனவே இருக்கிற கிரீஸை நம்பாதே, அது துரு பிடிக்காம இருக்கத் தடவினது.

போடிமெட்டு ஜீப்:
மாட்டி ஓட்டினேன். டொக்கும் போச்சு, கீச்சும் போச்சு. ஆனா 50ஐத் தாண்டினா தரையே அதிருது. முன்னாடி இது இல்ல.

பாலிடெக்னிக் 88:
ஷாஃப்ட் நடுவுல, நீளம் கூடிக் குறைய விடுற பல்லு வச்ச ஸ்லிப் ஜாயின்ட்டைப் பிரிச்சியா? அடையாளம் போட்டியா?

போடிமெட்டு ஜீப்:
பிரிச்சேன். சாக்பீஸ்ல கோடு போட்டேன். அப்புறம் மண்ணெண்ணெய்ல கழுவினேன்...

பாலிடெக்னிக் 88:
கோடும் கழுவிட்டுப் போச்சு! நாங்க ஹூக் ஜாயின்ட்னு படிச்சது இதுதான். சாய்வா சுத்துற ஒரு கிராஸ் சீரா சுத்தாது. 20 டிகிரி சாய்வுல இந்தப் பக்கம் வேகம் 100ன்னா அந்தப் பக்கம் 94க்கும் 106க்கும் நடுவுல ஏறி இறங்கும், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை. மறு முனையில உள்ள கிராஸ் அந்த ஏத்த இறக்கத்தை எதிரா ஆடிச் சமன் செய்யும். அதுக்கு ஷாஃப்ட்டோட ரெண்டு முனைக் காதும் ஒரே நேர்ல இருக்கணும். ஒரு பல்லு மாறிப் போட்டா சமன் கெட்டுப் போகும். இறக்கித் தரையில கிடத்தி, ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பாரு.

போடிமெட்டு ஜீப்:
ஒரு பல்லு தள்ளித்தான் இருந்துச்சு. மாத்திட்டேன், இந்தத் தடவை பஞ்ச்சால குத்தி வச்சிருக்கேன். அதிர்வு சுத்தமா இல்ல. நேத்து பத்து ஆளோட மெட்டு ஏறி இறங்கிட்டேன்.

பட்டறைக்காரன்:
100 கிலோமீட்டர் ஓடினதும் ஷாஃப்ட் மாட்டியிருக்கிற ஃப்ளேஞ்ச் நட்டை ஒருதடவை பிடிச்சுப் பாரு. பத்து ஆளா?

போடிமெட்டு ஜீப்:
உள்ள ஏழுதான் அண்ணே.