ஹை ஷேர் கொடுத்தும் டேட்டாபேஸ் விஎம் இரவில் திணறுகிறது

கேள்வி:
வணக்கம். விஸ்பியர் 7 (விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருள்), விஎம் எனும் மெய்நிகர் கணினிகள் ஓடும் மூன்று ஹோஸ்ட் சர்வர், மூன்றுக்கும் பொதுவாக ஒரே விஎம்எஃப்எஸ் டேட்டாஸ்டோர் (விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடம்). பில்லிங் டேட்டாபேஸ் விஎம்மின் டிஸ்க்குக்கு ஷேர் (நெரிசலில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற அளவு) ஹை, அதாவது 2000, மற்றவை எல்லாம் நார்மல், 1000. ஆனாலும் இரவில் ரிப்போர்ட் விஎம் வேலையைத் தொடங்கியதும் டேட்டாபேஸ் படுத்துவிடுகிறது, நைட் ஷிஃப்ட்காரர்கள் பில் போட முடியாமல் போன் அடிக்கிறார்கள். 2000 ஷேர் இருக்கிற விஎம்மை 1000 இருக்கிறது எப்படி முந்துகிறது?

பதில்:
இரண்டும் ஒரே ஹோஸ்ட்டிலா? பிரச்சினை நடக்கும் நேரத்தில் ஈஎஸ்எக்ஸ்டாப்பில் (ஹோஸ்ட்டின் செயல்பாட்டைக் காட்டும் கருவி) யு அழுத்தி டிஏவிஜி (ஸ்டோரேஜ் பக்கத் தாமதம்), கேஏவிஜி (ஹோஸ்ட்டுக்குள் ஆகும் தாமதம்) இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
வேறு வேறு ஹோஸ்ட் சார். டிஏவிஜி 45 மில்லிசெகண்டைத் தாண்டுகிறது, கேஏவிஜி ஒன்றுக்கும் கீழே.

பதில்:
அப்படியென்றால் ஹோஸ்ட்டில் காத்திருப்பு இல்லை, நெரிசல் முழுக்க ஸ்டோரேஜ் பக்கம். ஸ்டோரேஜ் ஐஓ கண்ட்ரோல் (டேட்டாஸ்டோரைப் பகிரும் எல்லா ஹோஸ்ட்டுக்கும் சேர்த்து ஷேரை அமலாக்கும் வசதி) ஆஃபில் இருந்தால் ஷேர் அந்தந்த ஹோஸ்ட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ரிப்போர்ட் விஎம் பக்கத்து ஹோஸ்ட்டில் தனியாகக் கிடந்து அதன் க்யூ (ஸ்டோரேஜுக்கு அனுப்பும் வரிசை) முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, வருகிற ஐஓ (படிக்க, எழுதக் கேட்கும் கோரிக்கை) எந்த விஎம்முடையது என்று ஸ்டோரேஜுக்குத் தெரியாது. டேட்டாஸ்டோர் செட்டிங்கில் அதை ஆன் செய்யுங்கள், என்டர்பிரைஸ் பிளஸ் லைசென்ஸ் வேண்டும். லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) வரம்பைத் தாண்டியதும் ஷேர் விகிதப்படி ஒவ்வொரு ஹோஸ்ட்டின் க்யூவும் சுருங்கும்.

இன்னொருவர்:
இவ்வளவு எதற்கு, ரிப்போர்ட் விஎம்முக்கு 500 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஐஓ) லிமிட் போட்டால் முடிந்தது.

பதில்:
தயவுசெய்து அதில் முதலில் கை வைக்காதீர்கள். ஸ்டோரேஜ் சும்மா இருந்தாலும் லிமிட் பிடித்துக்கொண்டே இருக்கும். அதோடு கணக்கு 32 கேபி அலகில், 256 கேபி ரீட் ஒன்று எட்டாக எண்ணப்படும், ரிப்போர்ட் விடிந்தாலும் முடியாது. ஷேர் அப்படியில்லை, நெரிசல் வந்தால் மட்டும் வேலை செய்யும்.

கேட்டவர்:
ஆன் செய்துவிட்டேன். லேட்டன்சி வரம்பை 30 மில்லிசெகண்ட் என்று நானே வைக்கட்டுமா?

பதில்:
வேண்டாம், தானியங்கியாகவே விடுங்கள், உச்ச த்ரூபுட்டில் (ஸ்டோரேஜ் நொடிக்குக் கையாளும் அளவு) 90 சதவீதம் கிடைக்கும் இடத்தை அதுவே கண்டுபிடிக்கும். அப்புறம் டேட்டாபேஸின் டிஸ்க் ஏதாவது ஆர்டிஎம்மாக (டேட்டாஸ்டோர் கோப்பாக இல்லாமல் ஸ்டோரேஜை நேரடியாக இணைத்தது) இருக்கிறதா பாருங்கள், அதற்கு இந்தக் கண்ட்ரோல் பொருந்தாது. டேட்டாஸ்டோரின் லன் (ஸ்டோரேஜில் ஒதுக்கிய பகுதி) இருக்கும் அதே டிஸ்க்குகளை விசென்டருக்கு (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வெளியே வேறு சர்வரும் பயன்படுத்தினால் அதையும் இதனால் அடக்க முடியாது, ஸ்டோரேஜ் டீமிடம்தான் பேச வேண்டும்.