முதலீட்டுக் கொள்கை ஏட்டோடு நின்றுபோவது ஏன்? அனுமதியா, ஆளா?

திசைகாட்டி:
ஒரு மாநிலம் கொள்கை போட்டும் முதலீடு வரவில்லை என்றால், முக்கால்வாசிக் காரணம் அனுமதி இழுபறிதான். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தைப் பாருங்கள். டெஸ்லா ஆலைக்கு 2019 நவம்பரில் அறிவிப்பு, 2022 மார்ச்சில் திறப்பு. இறுதி அனுமதி கையில் வருமுன்பே, தற்காலிக அனுமதிகளை வைத்துக் கட்டிமுடித்தார்கள். மனசு இருந்தால் நடக்கும்.

கணக்குப்பிள்ளை:
பக்கத்து மாநிலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் சார்? மக்டபர்கில் இன்டெல் ஆலைக்கு 2022-ல் அறிவிப்பு. மானியமே ஏறத்தாழ 1,000 கோடி யூரோ வரை பேசினார்கள். 2024-ல் தள்ளிவைத்து, 2025-ல் கைவிட்டது கம்பெனி. எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கியது, சொல்லுங்கள்?

திசைகாட்டி:
ஒரு கம்பெனி நஷ்டத்தில் விழுந்ததை வைத்து வாதம் செய்யாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2017-ல் பாக்ஸ்கான் 1,000 கோடி டாலர், 13,000 வேலை என்றது. 2021-ல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 67.2 கோடி டாலர், 1,454 வேலை. வரிச்சலுகையை வேலை எண்ணிக்கையோடு கட்டியிருந்ததால் அந்தப் பணம் தப்பியது. ஆனால் நிலத்துக்கும் சாலைக்கும் அரசும் ஊராட்சியும் கொட்டியது கொட்டியதுதான். பெரிய மீனுக்காகக் குளம் வெட்டினால் இதுதான் கதி.

களப்பணி:
இருவரும் பெரிய ஆலைகளையே பேசுகிறீர்கள். நான் இருக்கும் திட்ட அலுவலகத்தில் நிதி இருக்கிறது; திட்ட அறிக்கை எழுத ஆள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014–2020 வட்டார நிதியில் ஒரு விதி இருந்தது: ஓர் ஆண்டுக்கு ஒதுக்கியதை அடுத்த மூன்றாண்டுக்குள் செலவுக்கணக்கு காட்டிக் கோராவிட்டால் அது ரத்து. கெடு நெருங்கினால் எந்த அலுவலகமும் எதைத் தேடும்? தேவையானதையா? சீக்கிரம் பில் போடக்கூடியதையா?

கணக்குப்பிள்ளை:
ஆள் மட்டும் போதுமா? தென் இத்தாலிக்கென்று 1950-ல் தனி நிதியமே தொடங்கினார்கள். கைதேர்ந்த பொறியாளர்கள் இருந்தார்கள். 1984-ல் மூடிவிட்டார்களே.

களப்பணி:
தொடக்க ஆண்டுகளில் அணை, குடிநீர், சாலை எல்லாம் உருப்படியாக வந்தன. பிறகுதான் சுற்றுவட்டாரத் தொழில்களோடு ஒட்டாத ராட்சத ஆலைகளும் அரசியல் தலையீடும். அது என் வாதத்துக்குத்தான் சாட்சி.

திசைகாட்டி:
சரி, ஆள் எடுங்கள். சம்பளம்? கட்டடம், சாலை போன்ற சொத்துகளுக்கான மூலதன நிதியில் சம்பளம் போட முடியாது என்று நிதித்துறை கோப்பைத் திருப்பிவிடும்.

களப்பணி:
போன நிதியாண்டிலேயே திருப்பிவிட்டார்கள்.