ஆங்கிலச் சொல் படிக்க விளக்கமா, வாக்கியமா?

இளவேனில்:
தேர்வு ஒன்றுக்காக ஆங்கிலச் சொற்கள் படித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஆங்கில அகராதியில் இருக்கும் விளக்கம். அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வாசிக்கும்போது சொல் அடையாளம் தெரிகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட வர மாட்டேன் என்கிறது. விளக்கத்தை விட்டுவிட்டு, அன்றாடம் பேசுகிற மாதிரியான எடுத்துக்காட்டு வாக்கியங்களாகப் படி என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயல்:
உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் எழுதியதை இரண்டு வரி படித்தாலே தெரிந்துவிடும். இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்.

1987இல் ஜார்ஜ் மில்லர், பாட்ரீசியா கில்டியா என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகள் சொற்களைக் கற்கும் விதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் அகராதியைக் கொடுத்து, தெரியாத சொல்லைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னதைப் பற்றி அதில் வருகிறது. 'எரோட்' என்பது மண்ணையும் பாறையையும் தண்ணீர் அரிப்பதற்கான சொல். அகராதி அதற்கு 'ஈட் அவுட்' என்றும் பொருள் போட்டிருந்தது. பிள்ளைக்குத் தெரிந்த 'ஈட் அவுட்' வெளியே போய்ச் சாப்பிடுவது. உடனே 'எங்கள் குடும்பம் அடிக்கடி எரோட் செய்யும்' என்று எழுதிவிட்டது. அந்தப் பிள்ளை விளக்கத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. ஒழுங்காகப் படித்தும் இப்படி ஆகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

அகராதிப்பித்தன்:
கயல் மேடம், அந்தக் கட்டுரையைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். விளக்கத்துக்குப் பதிலாக எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கொடுத்தும் அவர்கள் பார்த்தார்கள். 'யூசர்ப்' என்ற சொல்லுக்குக் கொடுத்தது, அரசனின் சகோதரன் அரியணையை யூசர்ப் செய்ய முயன்றான் என்ற வாக்கியம். பிள்ளைகள் இதை 'எடுப்பது' என்று ஊகித்துக்கொண்டார்கள். 'நீல நாற்காலி அறையிலிருந்து யூசர்ப் செய்யப்பட்டது' என்று ஒரு பிள்ளை எழுதியது. உரிமை இல்லாதவன் பதவியையோ அதிகாரத்தையோ பறித்துக்கொள்வது என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அந்த ஒற்றை வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் அது கிடைக்காது, விளக்கத்தில் முதல் வரியிலேயே இருக்கும்.

இளவேனில், 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு ஸ்பீக்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரிலக்டன்ட்' தெரியாத ஒருவர் இதை வைத்து என்ன நினைப்பார்? வெட்கப்பட்டாள், பயந்தாள், அவசரப்பட்டாள், ஆசைப்பட்டாள் என்று எதை வேண்டுமானாலும் போடலாம், எல்லாமே பொருந்தும். செய்ய மனமில்லாததால் தயங்குவது என்று விளக்கத்தைப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கே வேலை இல்லை.

நெடுவழி:
இதற்கு ஏன் இத்தனை சுற்று? தமிழில் பொருள் எழுதிக்கொண்டால் முடிந்தது. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' இரண்டும் பணத்தை அள்ளி விடாதவரைச் சொல்பவை. ஆங்கில விளக்கத்தை வரி வரியாகப் படித்து வித்தியாசம் தேட வேண்டியதில்லை. முதலாவது சிக்கனம், இரண்டாவது கஞ்சத்தனம். எது பாராட்டு, எது வசவு என்று எந்தத் தமிழருக்கும் பாடம் நடத்த வேண்டாம். தாய்மொழியில் இருக்கிற இந்த நுணுக்கத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

அகராதிப்பித்தன்:
அந்த ஜோடிக்குச் சரியாக அமைந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து 'ரிலக்டன்ட்', 'ஹெசிடன்ட்' இரண்டுக்கும் நோட்டில் என்ன எழுதுவீர்கள் நண்பரே? இரண்டுக்கும் 'தயக்கம்' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் முதலாவது விருப்பமில்லாத தயக்கம், இரண்டாவது முடிவுக்கு வர முடியாத தயக்கம். ஒரு வேலையில் சேர 'ஹெசிடன்ட்' என்று ஒருவர் சொன்னால் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தம், பேசிப் பார்க்கலாம். 'ரிலக்டன்ட்' என்றால் பெரும்பாலும் அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. தமிழ்ப் பொருள் எழுதுவதை நான் தடுக்கவில்லை, அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

கயல்:
நீங்கள் இவ்வளவு போற்றும் விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது, முதல் பதிப்பு முடிய 1928 ஆனது. வாசகர்கள் தாங்கள் படித்த புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்துத்தான் பொருள் பிரித்து விளக்கம் எழுதினார்கள். முதலில் வாக்கியம், அப்புறம்தான் விளக்கம். கற்பவருக்கு மட்டும் ஏன் அதைத் தலைகீழாக்குகிறீர்கள்?

இன்னொன்று. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேரின் குழு நிஜ ஆங்கில உரைகளைக் கணினியில் திரட்டி, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களோடு வருகிறது என்று பார்த்தது. 'செட் இன்' என்ற தொடரை அவர் அதில் கவனித்தார். தொடங்கி நிலைத்துவிடுவது என்பது அதன் பொருள். இதை மட்டும் வைத்து ஒரு மாணவர் 'மகிழ்ச்சி செட் இன் ஆனது' என்று எழுதலாம், விளக்கம் தடுக்காது. ஆனால் நிஜ வாக்கியங்களில் அதோடு வருபவை அழுகல், விரக்தி, பீதி, தொற்று, கடுங்குளிர். பெரும்பாலும் வேண்டாதவைதான் 'செட் இன்' ஆகின்றன. இருபது வாக்கியம் படித்தவர் கை தானாகவே மகிழ்ச்சியை அங்கே போடாது.

அகராதிப்பித்தன்:
சீட்டுக் கதையையே என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். மலைபோல் குவிந்த சீட்டுகளைப் பல ஆண்டு பார்த்தவர்கள் எழுதிய முடிவு அந்த விளக்கம். அதை ஒதுக்கிவிட்டு, தேர்வுக்குப் படிக்கிற ஒருவரை இரண்டு மூன்று வாக்கியத்தை வைத்து அதே முடிவுக்கு வரச் சொல்வது நியாயமா? 'செட் இன்' விஷயமும், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே இப்போது வரும் கற்போர் அகராதிகளில் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விரும்பத்தகாதது என்றோ, மழை, தொற்று போன்றவை என்றோ எழுதுகிறார்கள்.

விளக்கம் என்றாலே பழைய அகராதி என்று நினைத்துவிடுகிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியில் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லுக்கு எழுதிய விளக்கம் அந்தச் சொல்லைவிடப் பல மடங்கு கடினம். அதைப் படித்துக் குழம்பியவர்கள் குறை சொன்னால் நியாயம் உண்டு. ஆனால் கற்பவர்களுக்காகவே 1935இல் மைக்கேல் வெஸ்டும் அவரோடு சேர்ந்தவரும் போட்ட அகராதி, எல்லா விளக்கங்களையும் 1490 சொற்களுக்குள் எழுதியது. 1978இல் வந்த லாங்மன் கற்போர் அகராதி சுமார் 2000 சொற்களுக்குள் நின்றது. இளவேனில் எந்த அகராதி வைத்திருக்கிறார் என்று நாம் யாரும் கேட்கவே இல்லையே!

இளவேனில்:
வீட்டில் இருந்த பெரிய அகராதிதான், கற்பவர்களுக்கானது இல்லை. ஒரு விளக்கத்தில் தெரியாத சொல் வந்து, அதைத் தேடிப் போனால் மறுபடி முதல் சொல்லிலேயே கொண்டுவந்து விடும். சரி, அகராதியை மாற்றுகிறேன். ஆனால் என் சிக்கல் எழுதுவதில்தான். இப்போது ஒன்று முயன்றேன்: 'ஐ ஆம் ரிலக்டன்ட் ஃபார் கோயிங் தேர்.' சரியா?

கயல்:
பொருள் சரி, அமைப்பு தவறு. 'ரிலக்டன்ட் டு கோ' என்று வர வேண்டும். அகராதிப்பித்தன் சார், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மனமில்லாத் தயக்கம் என்ற விளக்கத்தை இவர் நன்றாகவே புரிந்துகொண்டார், ஆனாலும் 'ஃபார்' போட்டார். நீங்கள் மேலே காட்டிய 'ரிலக்டன்ட் டு ஸ்பீக்' வாக்கியத்தைச் சும்மா மனதில் வாங்கியிருந்தால்கூட 'டு' வந்திருக்கும்.

அகராதிப்பித்தன்:
நல்ல கற்போர் அகராதியில் 'டு' தடித்த எழுத்திலேயே இருக்கும். 1987இல் சின்க்ளேர் குழு வெளியிட்ட கோபில்ட் அகராதி விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. நீங்கள் ஒன்றைச் செய்ய 'ரிலக்டன்ட்' ஆக இருந்தால், அதைச் செய்ய உங்களுக்கு மனமில்லை என்கிற பாணியில் போகும். பொருளும் 'டு'வும் ஒரே வரியில் கிடைக்கும். அது விளக்கம்தான் மேடம்.

கயல்:
அது வாக்கியம்தான் சார்.

நெடுவழி:
இளவேனில், இவர்கள் முடிக்க மாட்டார்கள். நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்றீர்களே, முதலில் அதை மாற்றுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பத்தியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வலப்பக்கத்தை மூடிக்கொண்டு எழுதிப் பாருங்கள். வலப்பக்கத்தில் தமிழும் ஒரு மூலையில் இருக்கட்டும்.

இளவேனில்:
அப்படியானால் நோட்டுக்குப் பதில் சொல்லுக்கு ஒரு அட்டையாக எழுதிக்கொள்கிறேன். அட்டையில் முன்பக்கம் எதைப் போடுவது?

கயல்:
சொல் வரும் இடத்தைக் காலியாக விட்ட வாக்கியம். 'ஷி வாஸ் ____ டு ஸ்பீக்' என்ற மாதிரி. பின்பக்கம் சொல்.

அகராதிப்பித்தன்:
அந்தக் காலி இடத்தில் 'ஹாப்பி' போட்டாலும் பொருந்தும், மேடம். வாக்கியத்துக்கு மேலே விளக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.