சம்மர் கேம்ப் வேலைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சம்மர் கேம்பில் (கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்து தங்கும் முகாம்) தங்கி வேலை பார்க்க முடியுமா என்று புதிதாகக் கனடா வந்த சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கம் நான் இரண்டு கோடை கிச்சன் வேலைக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: நான் வேலையில் நிற்கும் நேரத்தில் என் பிள்ளை யார் கையில் இருக்கும்?

முதல் வருஷம் நான் இதைச் சரியாகக் கேட்கவில்லை. வேலை செய்பவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று போனில் சொன்னார்கள், நம்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, ஏழு பிள்ளைகள். நாலாம் நாள் மத்தியானம் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் மகன் ஒற்றைச் செருப்போடு, தன்னந்தனியாக, படகுத்துறைப் பலகையின் ஓரத்தில் குந்திக்கொண்டு தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏழு பேரை ஒருத்தி எப்படிப் பார்ப்பாள்?

ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் ஒருவர் 13 வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால் யார் பார்ப்பார்கள், அவர்களுக்கு என்ன வயது, மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, இதெல்லாம் ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். நேரம் ரொம்ப முக்கியம். கிச்சனில் காலை ஐந்தரைக்கே நிற்க வேண்டியிருக்கும், பிள்ளை பார்க்கும் ஆள் எட்டரைக்குத்தான் வருவார். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு என்ன செய்வீர்கள்? கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் சேர்ந்து ஷிப்டை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டால்தான் 4 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையோடு சமாளிக்க முடியும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது வருஷம் வேறொரு கேம்புக்கு நாங்கள் அப்படித்தான் போனோம்.

ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் கதையே வேறு. அவர்களைக் கேம்ப் குழுவிலேயே சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் இலவசமா, பாதியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். என் மகள் அந்த எட்டு வாரத்தில் நீச்சல் கற்றுக்கொண்டாள், துடுப்புப் போடக் கற்றுக்கொண்டாள். அதுவரை பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை, சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேல் ஏறி நின்று பாடினாள். அதைப் பார்த்து அழுதேவிட்டேன்.

அப்புறம், பர்மிட். சிலருடைய ஓப்பன் வொர்க் பர்மிட்டில் (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கத் தரும் அனுமதி), குழந்தைப் பராமரிப்பு, பள்ளி ஆசிரியர் வேலை, மருத்துவ வேலை எல்லாம் செய்யக் கூடாது என்று நிபந்தனை அச்சாகியிருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். அது இருந்தால் குடிவரவுத் துறை அங்கீகரித்த டாக்டரிடம் பரிசோதனை செய்து, நிபந்தனையை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். விசிட்டர் விசாவில் இருப்பவர்கள், சம்பளம் வேண்டாம், தங்க இடமும் சாப்பாடும் போதும் என்று போகலாம் என நினைக்காதீர்கள். அதுவும் வேலையாகத்தான் கருதப்படும்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய கேம்புகளில் வேர்க்கடலைக்கு அறவே அனுமதி இல்லை. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு உயிர் போகும் விஷயம் என்பதால் கடலை போட்ட பொடி, மிக்சர், கடலை மிட்டாய் எதையும் எடுத்துப் போகாதீர்கள். கேபினில் முறுக்கு டப்பாகூட வேண்டாம்; வாசனைக்கு எலியும் ரக்கூனும் வரும், கரடியும் வரலாம். மகன் முதல் மூன்று நாள் பாஸ்தாவைத் தொடவே இல்லை. தலைமைச் சமையல்காரரிடம் கேட்டு என் சின்ன ரைஸ் குக்கரைக் கிச்சன் மூலையில் வைத்துக்கொண்டேன், தயிருக்கு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டும் கிடைத்தது. தயிர்சாதம் கிடைத்ததும் பிள்ளை தெளிந்துவிட்டான்.

தினமும் சாயங்காலம் குளிப்பாட்டும்போது உண்ணி பார்க்க வேண்டும். கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். நம் பாட்டிமார் பேன் பார்ப்பது போல உட்கார வைத்து, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், முழங்காலின் பின்பக்கம் என்று விரலால் தடவிப் பாருங்கள். எள்ளை விடச் சின்னதாகவும் இருக்கும். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். திருகக் கூடாது, நெருப்போ எண்ணெயோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எடுத்த பிறகு கேம்ப் நர்ஸிடம் காட்டுங்கள். கொசுவுக்கு டீட் கலந்த மருந்து வாங்கினால் 12 வயது வரை 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது கூடவே கூடாது.

பக்கத்து ஆஸ்பத்திரி எது, எவ்வளவு தூரம் என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். மின்டன் ஊரில் இருந்த அவசரப் பிரிவை 2023 ஜூன் 1 அன்று மூடிவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் இப்போது ஹாலிபர்ட்டன் வரை போக வேண்டும். பழைய தகவலை வைத்துக்கொண்டு ராத்திரியில் காய்ச்சல் பிள்ளையோடு அலையும்படி ஆகக் கூடாது. கேபினில் போன் சிக்னல் இல்லாவிட்டால் கேம்ப் ஆபீஸ் லேண்ட்லைன் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேம்ப் நடப்பது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் என்றாலும் ஆள் எடுப்பதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவார்கள். போலீஸ் நற்சான்றும் கேட்பார்கள். பர்மிட்டில் திருத்தம் தேவைப்படுகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.