கடலோர வீட்டின் வெளிச் சமையல் மேடையும் பார் மேடையும்: விரிசலின் மேலேயே கிரானைட் பதிக்கலாமா?

கேள்வி: தென்னந்தோப்பு

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு உள்ளது. முந்தைய உரிமையாளர் பின்புறத்தில் ஒரு வெளிச் சமையலறை கட்டியிருக்கிறார். 8 அடி நீளத்தில் சமையல் மேடை, அதற்கு எதிரே உயர நாற்காலிகளில் அமர்ந்து பருகுவதற்காக 6 அடி நீளத்தில் பார் மேடை, இரண்டுக்கும் மேலே பாதி சிதைந்த கீற்றுக் கூரை. இரு மேடைகளும் 3 அங்குலக் கான்கிரீட் பலகைகள். மேற்பரப்பில் வெள்ளை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. முன்விளிம்பு நெடுகிலும் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடுகிறது. அதன் வழியே பழுப்பு நிறக் கறை இறங்கியிருக்கிறது. சிங்க் அருகே ஓடுகள் கழன்றுவிட்டன. மேடைக்கு அடியிலுள்ள பிளைவுட் கதவுகள் ஊறிப் பிளந்துவிட்டன; அந்த அலமாரிக்குள்தான் கேஸ் சிலிண்டரை வைக்கிறோம்.

என்னிடம் உள்ளது 60,000 ரூபாய். கடன் வாங்கும் எண்ணம் இல்லை. விரிசலைச் சிமென்ட் கலவையால் அடைத்து, பழைய ஓடுகளின் மேலேயே கிரானைட் பதித்துவிடலாம் என்றும், பார் மேடைக்குக் கடப்பா கல்லே போதும் என்றும் கொத்தனார் கூறுகிறார். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். இது சரியான வழியா?

பதில்: ரசமட்டம்

கிரானைட்டுக்கு முன்பணம் கொடுப்பதைச் சற்று நிறுத்தி வையுங்கள். பலகை சுமை தாங்காமல் வளைந்தால் விரிசல் பெரும்பாலும் அடிப்புறத்தில், தாங்குச் சுவர்களுக்கு நடுவே தோன்றும். விளிம்பு நெடுகக் கிடைமட்டமாக ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும் சேர்ந்து வந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றே பொருள். துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் சில மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதன் மேல் கல் பதித்தால் கூடுதல் எடை ஏறுமே தவிர, துரு நிற்காது. ஓரிரு மழைக்காலத்தில் புதிய கல்லும் விளிம்பிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

ஒரு சிறு சுத்தியலால் பலகையின் அடிப்புறத்தையும் முன்விளிம்பையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். திடமான ஓசை கேட்கும் இடம் நல்ல இடம். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. தாங்குச் சுவர்கள் எத்தனை அடி இடைவெளியில் உள்ளன என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தென்னந்தோப்பு

தட்டிப் பார்த்தேன். சமையல் மேடையின் அடிப்புறம் பாதிக்கு மேல் பொள்ளென்றே ஒலிக்கிறது. சிங்க் அருகே ஒரு சில்லு விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. பார் மேடையில் விளிம்பு மட்டுமே அவ்வாறு ஒலிக்கிறது. சுவர்கள் 4 அடி இடைவெளியில் உள்ளன. செங்கல் சுவர்களில் விரிசல் இல்லை.

பதில்: உப்புக்காற்று

முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரிந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த காரையால் அடைத்தால் பலகை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கடலோரக் கட்டடங்களில் இவ்வாறு பழுது பார்ப்பது வழக்கம்தானே?

பதில்: ரசமட்டம்

தூணுக்கும் விட்டத்திற்கும் அது பொருந்தும். அவற்றை இடித்துவிட்டு வேறொன்று வைக்க முடியாது. மேடைப் பலகையின் நிலை வேறு. கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கூறுகிறது. உங்கள் பலகையின் மொத்தக் கனமே 75 மில்லிமீட்டர்தான். கம்பியை நட்ட நடுவில் வைத்தாலும் அந்த அளவு கிடைக்காது. ஆகவே, பழுது பார்த்தாலும் புதிதாக வார்த்தாலும், மெல்லிய கம்பிப் பலகை உப்புக்காற்றில் மீண்டும் துருப்பிடிக்கவே செய்யும்.

கம்பியே இல்லாத மேடையைக் கட்டுங்கள். பழைய வீடுகளின் பரண்களையும் அலமாரித் தட்டுகளையும் கடப்பா கல்லே தாங்கிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கான்கிரீட் பலகையை அகற்றிவிட்டு, இருக்கும் சுவர்களுக்கு இடையே நாலரை அங்குலச் சுவர் ஒன்று எழுப்பி இடைவெளியை 2 அடியாகக் குறையுங்கள். அதன் மேல் 40 மில்லிமீட்டர் கடப்பா கல்லை அடித்தளமாகப் பரப்புங்கள். சிங்க்கிற்காகக் கல்லை வெட்டும்போது முன்னும் பின்னும் எஞ்சும் மெல்லிய பட்டைகள்தான் முதலில் முறியும். ஆகையால் சிங்க்கின் இரு பக்கமும் சுவர் வருமாறு முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

மேற்பரப்புக்குக் கடப்பா வேண்டாம். அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறும் புளிக் கரைசலும் பட்ட இடம் அரிக்கப்பட்டு வெளுத்துவிடும். எலுமிச்சை பிழியாத பார் மேடை ஏது? பார் மேடைக்குத்தான் கிரானைட் மிகவும் தேவை. கிரானைட் பட்டறைகளில் பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று நிறங்கள் கலந்து வந்தாலும் கனம் ஒன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். முன்விளிம்பை அரை அங்குலமாவது வெளியே நீட்டி, அடிப்புறத்தில் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள்; வழியும் நீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும். மேடைக்குச் சிங்க்கை நோக்கி வாட்டம் கொடுக்கக் கொத்தனார் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: அடுப்படி

கல்லைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். அந்தச் சிலிண்டரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் மூடிய அலமாரியின் தரையில் தேங்கும். புதிய கதவுகளே வேண்டாம். அந்தப் பகுதியைத் திறந்தே விடுங்கள், அல்லது தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் உள்ள அலுமினியச் சட்டம் போடுங்கள். சிலிண்டர் செங்குத்தாக, பள்ளமில்லாத இடத்தில், சாக்கடைத் துளையிலிருந்து விலகி நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையுள்ள குழாயை ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் வாங்கி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு வாடை வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கடற்காற்று அடுப்புச் சுடரை அணைத்துவிடும். அணைந்த பின்னும் எரிவாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே, கடல் பக்கத்தில் அடுப்பு உயரத்திற்குச் சற்று மேலே வரை ஒரு தடுப்புச் சுவர் அவசியம். காற்றில் அலையும் சுடரோ பொறியோ பட்டால் கீற்று தீப்பிடித்துவிடும் என்பதால், அடுப்பின் மேலே கீற்று வேய்வதை நான் ஒப்ப மாட்டேன். பார் மேடையின் மேல் கீற்று இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மட்டும் பழைய மங்களூர் ஓடு போதும்.

மின் இணைப்பு இருந்தால், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி இல்லாமல் ஈரத்தரையில் மிக்ஸியை இயக்காதீர்கள்.

பதில்: தென்னந்தோப்பு

மிக்க நன்றி. கதவுகளையும் பளபளப்பான சுவர் ஓடுகளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அந்தத் தொகை இடைச்சுவருக்கும் ஓட்டுக் கூரைக்கும் போகிறது. பார் மேடையில் விளிம்பு மட்டும்தானே கெட்டிருக்கிறது, அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாமா? நாற்காலியில் அமர்பவர்களின் முழங்காலுக்காகக் கல்லை எவ்வளவு நீட்டலாம்?

பதில்: ரசமட்டம்

தள்ளி வைக்கலாம். அதுவரை கழன்ற சில்லுகளைத் தட்டி அகற்றிவிடுங்கள்; அமர்பவரின் காலில் விழக்கூடாது. விரிசலை வெறும் சிமென்ட்டால் மூடாதீர்கள். உள்ளே துரு வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த ஆண்டு கல் மாற்றும்போது, நீட்சி மேடை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கிரானைட்டுக்கு அடியில் கடப்பாவும் சேர்ந்தே நீள வேண்டும். கிரானைட் துண்டுகளை வாங்குவதானால் இரண்டு மேடைகளுக்கும் சேர்த்து இப்போதே வாங்கிவிடுங்கள். அதே கனமும் நிறமும் பட்டறையில் மறுபடி கிடைப்பது அரிது.