எகிப்திய அரச முகங்களை வரைந்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

வணக்கம். பழைய எகிப்தின் அரசர், அரசியர் முகங்களை வரைந்து பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மூன்றாம் செனுஸ்ரெட்டின் கருங்கல் சிலைகள் மூன்று இருக்கின்றன. கி.மு. 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட, 12ஆம் வம்சத்து அரசர். டெய்ர் எல்-பஹாரி கோயிலில் கிடைத்தவை. கூட்டமெல்லாம் எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரோசெட்டா கல்லை மொய்த்துக்கொண்டிருக்கும். இவர் முன்னால் எத்தனை நேரம் நின்றாலும் இடிப்பாரில்லை. மூன்று சனிக்கிழமைகள் பென்சிலும் நோட்டுமாக நின்றேன்.

முதல் நாள் வரைந்ததை வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். நல்ல முகம்தான். ஆனால் அவர் முகமில்லை. எது பிசகியது என்று இரண்டு நாள் புரியவில்லை. காது! அவருடைய காதுகள் மிகப் பெரியவை. கோடு போட்ட தலைத்துணிக்கு முன்னால் விரித்துவைத்ததுபோல் நிற்பவை. என் கை அவற்றை எனக்குத் தெரியாமலே சுருக்கிவிட்டிருந்தது. முகத்துக்குக் காது எவ்வளவு இருக்க வேண்டும் என்று பல வருடப் பழக்கத்தில் கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது; கண் பார்த்ததை அது மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து போட்டபோது, தாளில் ஒரு விரல் அகலம் கூடியது. குடிகளின் குறையைக் கேட்கும் அரசன் என்பதைக் காட்டவே காதைப் பெரிதாக்கினார்கள் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். அளந்து வரைந்தபிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த முகத்தில் இன்னொன்றும் உண்டு. இமை கனத்துக் கீழே இறங்கியிருக்கிறது. கண்ணின் உள்முனையிலிருந்து ஒரு மடிப்பு கன்னத்தில் சரிந்து ஓடுகிறது. வாயின் ஓரங்கள் தாழ்ந்திருக்கின்றன. தூங்கிப் பல நாளானவர் முகம். கழுத்துக்குக் கீழே வந்தால் வலுவான, மடிப்பே இல்லாத இளைஞனின் மார்பு. இரண்டும் ஒரே கல், ஒரே சிற்பியின் வேலை. கண்டதைக் கண்டபடி செதுக்கியிருந்தால் உடலும் தளர்ந்திருக்கும். இந்த முகம் சோர்ந்துதான் இருக்க வேண்டும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அதனால் மூன்றாவது வாரம் மார்பையும் சேர்த்தே வரைந்தேன். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வரைந்த முதல் இரண்டும் பாதிச் செய்திதான் என்று நினைக்கிறேன்.

* * *

காதைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு வாய் நினைவுக்கு வந்தது.

பெர்லின் நொயஸ் அருங்காட்சியகத்துக்கு நான் போனது, அரசர் அக்நாத்தனின் மனைவி நெஃபர்டிட்டிக்காக. 1912 டிசம்பர் 6ஆம் தேதி எகிப்தின் அமார்னாவில், தூத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்த தலை. அந்த அறையில் படம் எடுக்க அனுமதியில்லை. ஆகவே பார்ப்பதும், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவதும், மறந்ததைப் பார்க்கத் திரும்ப உள்ளே போவதுமாக ஒரு பகல் கழிந்தது. அப்படி நாலைந்து முறை போய்வந்த பிறகே, கண்ணுக்கடியிலும் வாயோரத்திலும் மெல்லிய கோடுகள் இருப்பது எனக்குப் பிடிபட்டது. எத்தனையோ அஞ்சலட்டையில் பார்த்த முகம், ஒன்றில்கூட நான் அதைக் கவனித்ததில்லை. 2006இல் ஸ்கேன் செய்தபோது, மேலே பூசிய சுதைக்கு உள்ளே சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய இன்னொரு முகமும் இருப்பது தெரிந்தது.

ஆனால் நான் கொண்டுவந்த நல்ல படம் அவளுடையதல்ல, அவள் மாமியாருடையது. அதே அருங்காட்சியகத்தில் அரசி டீயேயின் சிறிய தலை இருக்கிறது. யூ மரத்தில் செதுக்கியது. முகம் மட்டும் ஓர் உள்ளங்கையில் அடங்கும். அரசி என்பதற்காக அவளை இனிமையாக்க யாரும் முயலவில்லை. வாயின் இரு முனைகளும் அழுத்தமாகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. என் பென்சில் ஒவ்வொரு முறையும் அந்த முனையைத் துளி மேலே தூக்கிவிட்டது. அழித்து, இறக்கி, மறுபடி அழித்து, தாள் மயிர்விட்டு எழும்பும்வரை அழித்தேன். முனை சரியான இடத்துக்கு இறங்கிய நொடியில் அவள் என்னைப் பார்த்தாள் என்றே சொல்வேன். சிற்பிக்குப் பழைய எகிப்திய மொழியில் ஒரு பெயர் உண்டு: உயிர்கொடுப்பவன்.

* * *

நான் சிலை வரைபவனல்ல. சுவர்ச் சித்திரப் பாணியில், பக்கவாட்டு முகம் போடுபவன். இருவரும் கை தன்போக்கில் போவதைச் சொன்னீர்கள். அதைக் கட்டிப்போட எகிப்தியர் கண்ட வழியை நான் எகிப்தின் லக்சரில், ஹோரெம்ஹெப் என்ற அரசரின் கல்லறையில் பார்த்தேன். வேலை முடியாமலே நின்றுபோன கல்லறை அது. ஒரு பக்கம் சிவப்பில் முதல் வரைவு, அதன்மேல் கறுப்பில் திருத்தம், இன்னொரு பக்கம் பாதி செதுக்கிய உருவம் என எல்லா நிலைகளையும் சுவரிலேயே பார்க்கலாம்.

உருவம் போடும் முன் கட்டம் போடுவார்கள். நம் தச்சர்கள் நூலடிப்பதுபோலத்தான்: நூலைச் சிவப்புச் சாயத்தில் நனைத்து, இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுவது. நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். கிரீடம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அளவு நெற்றியோடு நின்றுவிடும். கழுத்து தோளைத் தொடும் இடத்திலிருந்து நெற்றி வரை இரண்டே கட்டம். அக்நாத்தன் காலத்தில் மட்டும் மொத்தம் 20 ஆக்கினார்கள். அந்த நீண்ட கழுத்தும் முகமும் அப்படி வந்தவை.

முதலில் கட்டம் போட்டு வரைந்தபோது எல்லாம் சரியாக அமைந்து, கண் மட்டும் ஒட்டவில்லை. பக்கவாட்டு முகத்தில் கண்ணையும் பக்கவாட்டில் போட்டிருந்தேன். எகிப்தியர் முழுக் கண்ணை, நேரே நின்று பார்ப்பதுபோல், அப்படியே வைப்பார்கள். அதை மாற்றியதும் முகம் எழுந்து நின்றது. மைக்கோட்டைக் கண்ணின் வெளிமுனையிலிருந்து காதை நோக்கி நேராக இழுங்கள், மேல்நோக்கி வளைக்காதீர்கள். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

இப்போது, பெண்ணாக இருந்தும் அரசனாகவே ஆண்ட ஹட்ஷெப்சுட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நியூயார்க்கில் உள்ள வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் சிலையில், அரசனுடைய உடையில் அமர்ந்திருந்தாலும் தாடியில்லை, முகம் பெண்முகம். மண்டியிட்டிருக்கும் பெரிய கருங்கல் சிலையில் பொய்த்தாடி உண்டு. தாடியை வைத்தால் கன்னத்தின் மென்மை போய்விடுகிறது, எடுத்தால் அரசு போய்விடுகிறது. ஐந்து தாள்கள் கிழித்தாகிவிட்டது. அவளைத் தாடியோடு வரைந்து தேறியவர் யாராவது இருந்தால், தாடைக்கோட்டை எப்படி நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.